தனம் ஏற நினைத்த ரயில்

தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. முத்தையா அண்ணன். தனத்தின் கூடப்பிறந்த அண்ணன், தேவையில்லாமல் யாரையும் அழைக்காதவர். பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் எடுத்தேன்.

“கலா, தனம் போயிட்டா.”

“காப்பி கலந்து எடுத்துட்டுப் போனேன். கூப்பிட்டேன். எந்திரிக்கல” என்றார்.

மீன்காரர் பையை நீட்டியபடி இருந்தார். அதை எப்போது வாங்கினேன், சாலையை எப்படிக் கடந்தேன் என்று இப்போது யோசித்தாலும் நினைவில்லை. டாக்சியில் ஏறி புக்கிட் மேராவுக்குப் போய், தனத்தின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மீன் இன்னும் என் கையில் இருப்பதைக் கண்டேன்.

தனலெட்சுமியும் நானும் சாங்கி விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளை நிறுத்து வாங்கும் கவுன்டரில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். எங்களோடு வேலை பார்த்தவர்களில் பலர் இப்போது வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். மண்டாய் தகனச்சாலைக்கு வந்து அவளை வழியனுப்ப அவர்களால் முடியவில்லை. “கடைசியில எப்படி இருந்தா?” என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளைத் தெரியாதவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். திருச்சி விமானத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் பெட்டி எடை கூடிவிட்டது. குறைத்துக்கொண்டு வரச் சொன்னோம். அவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். பால்மாவு டின், தைலம், டார்ச் லைட், பெரிய கரடி பொம்மை என எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவிட்டு, தன் சட்டைகளை மட்டும் எடுத்துக் குப்பைத் தொட்டிப் பக்கம் வைத்தார். தனம் அதைப் பார்த்துவிட்டாள். கவுன்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போய், அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“ஏன் தம்பி, ஊர்ல போய் நீ என்ன போட்டுக்குவ?”

“லுங்கி கெடக்குக்கா. பாத்துக்கலாம்.”

“கொண்டுபோறது பூரா அடுத்தவங்களுக்குன்னா, இதுல உனக்கு என்ன இருக்கு? எந்திரி.”

சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவருக்கே மாட்டிவிட்டாள். உடம்பில் போட்டிருப்பதை யாரும் நிறுப்பதில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். கையை மடக்க முடியாமல், திடீரென்று சதை போட்டவர் போல உள்ளே நடந்துபோனார். பிறகு மேலதிகாரி தனத்தை அழைத்து என்ன நடந்தது என்று கேட்டார். “அவருக்குக் குளிருதாம் சார்” என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

அவள் அதிகம் எங்கும் போனதில்லை. முதலில் அம்மா படுக்கையில் விழுந்தார், பிறகு அப்பா. அவர்கள் காலத்துக்குப் பிறகு, மனைவியை இழந்த முத்தையா அண்ணன் அவளோடு வந்து தங்கினார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். தனம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “வந்தவங்க யாரும் சரியா வரல லா” என்று முடித்துவிடுவாள்.

விமானத்தில் பறக்க அவளுக்கு ஆசையே இல்லை. அவள் ஆசைப்பட்டது ரயிலுக்கு. விமான நிலையக் கேன்டீனில் தே தாரிக் குடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: “நம்ம ஊர்ல எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்துல கடல் வந்துடுது கலா. தூங்கி எந்திரிச்சாலும் ஊர் வரக்கூடாது. மறுபடி தூங்கணும். அப்பவும் வரக்கூடாது. அப்படி ஒரு ரயில்ல போகணும்.”

கன்னியாகுமரியில் ஏறி, வடக்கே பனிமலை அடிவாரம் வரை போவதென்று முடிவு செய்தோம். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, தீபாவளி கழித்து. அதற்காக ஒரு வருஷம் முழுக்கத் தயாரானாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். படுக்கைக்கு அடியில் பெட்டியைக் கட்டிப் பூட்ட ஒரு சங்கிலி. ஊதிக்கொள்ளும் தலையணை. காதை மூடும் கம்பளிக் குல்லா. குல்லாவைக் கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டு, வேர்த்து ஊற்ற, கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். “கழட்டிடுங்கக்கா, மயக்கம் போட்டுடப் போறீங்க” என்று கடைக்காரர் கெஞ்சினார். ரயில் படுக்கை குறுகலாக இருக்கும், உருண்டு விழுந்துவிடக்கூடாது என்று வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதில் படுத்துப் பழகினாள். முத்தையா அண்ணன் என்னிடம் போனில், “உன் கூட்டாளிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு, வந்து பாரு” என்றார். அன்றைக்கு எங்கள் மூவருக்கும் அது வேடிக்கையாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு முன்பே வயிற்றுவலி வந்தது. கணையத்தில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். நான் அழுதுவிடக்கூடாதென்று சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனம் முழுவதையும் கேட்டுவிட்டு, “டாக்டர், டிரெயின்ல போலாமா?” என்றாள். தூரப் பயணம் வேண்டாம், உடம்பு ஒத்துழைக்கும் நாளில் பக்கத்தில் எங்காவது போய் வரலாம் என்றார் அவர்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பக்கத்துல போலாம்னுதானே சொன்னாரு?” என்றாள். மறுநாளே புதுத் திட்டம் வந்துவிட்டது. எல்லை தாண்டி ஜொகூர் பாருவில் ஏறினால் காட்டு வழியாக இரவெல்லாம் ஓடிக் கிளந்தானில் கொண்டுபோய் விடும் ரயில் ஒன்று இருக்கிறதாம். ஓர் இரவுதான். பரவாயில்லை, ஓர் இரவாவது தூங்கலாம் என்றாள்.

பை கட்டும் நாளில் உதவிக்குப் போயிருந்தேன். கட்டிலில் பையைத் திறந்துவைத்து, பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். நான் மடித்துக் கொடுப்பதை அவளே அடுக்கினாள். எல்லாம் முடிந்த பிறகு கடப்பிதழைத் தேடினோம். அலமாரியில் வழக்கமான இடத்தில் அது இல்லை. கூடத்தில் முத்தையா அண்ணன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தேடுகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“அண்ணே, என் பாஸ்போர்ட்ட எடுத்தியா?” என்று தனம் உள்ளிருந்தே கேட்டாள்.

அவர் எழுந்து வந்து கதவோரம் நின்றார். “எடுத்தேன். தரமாட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்த நெலமையில இவள எங்கம்மா கூட்டிட்டுப் போற? எல்லை தாண்டி ஏதாவது ஆயிட்டா? இவ அண்ணி எல்லைக்கு அந்தப் பக்கம், ஈப்போ கல்யாணத்துக்குப் போன எடத்துல போயிட்டா. அவள வீட்டுக்குக் கொண்டுவர நான் எத்தனை கதவத் தட்டினேன்னு உனக்குத் தெரியாது. இன்னொரு தடவை என்னால ஆகாது.”

அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் பயந்தது நியாயம்தான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

தனம் கோபப்படவில்லை. பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள். அடியில் கையை விட்டு, அவருடைய இரண்டு சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவருடைய வேட்டி. சவரப் பெட்டி. இரத்த அழுத்த மாத்திரை. நான் வருவதற்கு முன்பே இதையெல்லாம் கீழே அடுக்கியிருக்கிறாள், எனக்கே தெரியாது.

“உன்ன விட்டுட்டுப் போவேன்னு நெனச்சியா அண்ணே? முன்னாடியே சொன்னா வரமாட்டேம்ப. அன்னிக்குக் காலையில கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன்.”

அவர் அந்தச் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கடப்பிதழை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். சட்டைகளைத் தானே மீண்டும் பையில் வைத்தார். “இந்த நீலச் சட்டை வேணாம், கழுத்து கிழிஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அந்த ரயிலும் அமையவில்லை. அந்த வாரமே அவள் கண்கள் மஞ்சளாகின. மருத்துவமனையில் சேர்த்தோம். பல நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது, இனி வலியைக் குறைக்க மட்டுமே மருந்து என்று சொல்லி அனுப்பினார்கள். டிக்கெட்டைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் போலக் கழிந்திருக்கும். அவளே ஆரம்பித்தாள்.

“எம்.ஆர்.டி.யும் ரயில்தானே கலா?”

எங்கள் ஊருக்குள்ளேயே ஓடும் ரயில் அது; துவாஸ் முனையிலிருந்து பாசிர் ரிஸ் வரை, தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. காலைக் கூட்டம் வடிந்த பிறகு போவது என்று பேசிக்கொண்டோம். நான் போய் இறங்கியபோது சிறிய துணிப்பை ஒன்று தயாராக இருந்தது. சால்வை, ஊதும் தலையணை, மாத்திரைகள், மாற்று உடை, வாந்தி வந்தால் பிடிக்க நெகிழிப் பைகள், பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிச் செய்துவாங்கிய புளியோதரை.

“எம்.ஆர்.டி.க்கு எதுக்கு லா பை? ரயில்ல சாப்பிடவும் விடமாட்டாங்க” என்றேன்.

“பை இல்லாமப் போனா அது வேலைக்குப் போற மாதிரி ஆயிடும்” என்றாள்.

முத்தையா அண்ணன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீழே வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். லிஃப்ட் திறந்ததும் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “நானும் வரேன்” என்றார். கழுத்துக் கிழியாத சட்டை போட்டிருந்தார்.

ரெட்ஹில் நிலையத்தில் ஏறினோம். முதலில் மேற்கே போனோம். ஜூரோங்கைத் தாண்டியதும் வெளியே தொழிற்சாலைகள், சரக்குப் பெட்டிகள், தூரத்தில் பாரந்தூக்கிகள். அண்ணன் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். தனம் சின்னப் பிள்ளை போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். துவாஸில் இறங்கி, நிலையத்துக்குக் கீழே ஒரு நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவளால் ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. அந்த ஒரு வாயை வெகுநேரம் மென்றாள். “நல்லாருக்கு. உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள்.

கிழக்கே திரும்பும் ரயிலில் அவளை இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தோம். சால்வையைப் போர்த்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் இடது தோளில் சாய்ந்தது. வலி தொடங்கியதிலிருந்து அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ரயில் சுரங்கத்துக்குள் போயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். காலாங்கில் மேலே வந்தபோது வெயில் அவள் முகத்தில் விழுந்தது. முத்தையா அண்ணன் உள்ளங்கையை நீட்டி அதை மறைத்தார். கேலாங்கைத் தாண்டும்போது, அங்குள்ள கோயில் இருக்கும் திசை பார்த்து ஒரு கையால் மட்டும் கும்பிட்டார். மற்றக் கை அவள் முகத்துக்கு நிழலாகவே இருந்தது.

பாசிர் ரிஸ் வந்தது. கடைசி நிலையம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் இறங்கினார்கள். கதவு திறந்தே கிடந்தது. குளிர் குறைந்ததாலோ என்னவோ, தனம் பாதிக் கண் திறந்தாள்.

“ஊர் வந்துருச்சா?”

நான் வாயெடுக்கும் முன் அண்ணன் சொன்னார்: “இல்லம்மா. இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. நீ தூங்கு.”

அவள் உடனே கண்ணை மூடிக்கொண்டாள். கதவு மூடிற்று, ரயில் வந்த வழியே திரும்பியது. ரெட்ஹில் வந்தபோது நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேண்டாமென்று தலையை அசைத்தார். இறங்காமல் மறுபடி துவாஸ் வரை போனோம். அவள் எழவில்லை.

அதற்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இருந்த நாள்களில் பெரும்பகுதி மருந்து மயக்கத்தில் கழிந்தது. ஒருமுறை தெளிவாக இருந்தபோது, “நல்ல தூக்கம் கலா அன்னிக்கு” என்றாள். எங்கே என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கடைசியில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

அவளுடைய பொருள் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கேட்டார், வேண்டாமென்றேன். அன்று ரயிலில் என் இடது கை முழுவதும் மரத்துப்போயிருந்தது. அசைத்தால் அவள் விழித்துவிடுவாள் என்று அசைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் அந்தக் கையால் ஒரு குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை. தனத்திடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தோள்வலி ஒன்றுதான். இப்போதும் சில நாள் காலையில் எழும்போது அது வருகிறது. நான் மருந்து தடவுவதில்லை.