முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் அண்ணி சபை நடுவில் நின்று பொய் சொன்னார் என்று நான் சொன்னால் அண்ணன் என்னோடு மல்லுக்கு நிற்பான். அது பொய்யே இல்லை என்று அவன் சொன்னால் நான் விடமாட்டேன். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்த பிறகு யோசித்தால் எனக்கே ஒன்றும் புரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

நானும் அண்ணியும் ஒரே வீடு, ஒரே சட்டைக் கம்பெனி. நான் அயர்ன் பண்ணும் பகுதியில். அண்ணி செக்கிங் மேசையில். தைத்து வரும் சட்டையை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், பாக்கெட், பட்டன், கை என்று வரிசையாகப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவர் வேலை. பதினாறு வருஷம் அதே மேசை. அண்ணி பார்த்த சட்டையை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் முன்னறையில் பதினோரு பெண்கள் பைபிள் படிக்க வருவார்கள். நடத்துவது அண்ணி. யார் என்ன கஷ்டம் சொன்னாலும் அதற்கு ஒரு வசனம் அவரிடம் தயாராக இருக்கும். தலைவலி என்று நான் முனகினால்கூட மாத்திரைக்கு முன்னால் வசனம் வந்து நிற்கும். "அண்ணி, மொதல்ல மாத்திரையக் குடுங்க, வசனத்த அப்புறமா முழுங்கிக்கறேன்" என்பேன். "வாயாடி" என்று தலையில் ஒரு குட்டு விழும். அந்த வீட்டில் என் பேரே அதுதான்.

அப்புறம் ஒரு பெட்டிச் சட்டை திரும்பி வந்தது. காலர் கச்சிதம், பட்டன் கச்சிதம், ஆனால் கையின் ஓரத்தில் தையலே ஓடியிருக்கவில்லை. அடுத்த வாரம் மூன்று பெட்டி. அதே நாட்களில்தான் அண்ணி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவதுமாக இருந்தார். "கண்ண எங்க அடகு வச்சீங்க?" என்று கிண்டலடித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கண் டாக்டர் விவரமாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, காலையும் சாயங்காலமும், உயிர் இருக்கும் வரைக்கும், ஒரு வேளைகூட விடக்கூடாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார். வசனம் எதுவும் வரவில்லை. நான் பயந்துபோனேன். அவர் வசனம் சொல்லியிருந்தால் தேவலை என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தேன்.

பட்டினி கிடந்து ஜெபித்தார். மூன்று வாரம் அப்படியே. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சபையில் ஸ்தோத்திரச் சீட்டு போடும் பெட்டிக்காக ஒரு சீட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். "என் கண்களைச் சுகமாக்கின ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"இன்னும் ஆகலையே அண்ணி?"

"ஆகும்னு நம்பி முன்கூட்டியே நன்றி சொல்றது. அதுதான் விசுவாசம்."

"பஸ் ஏறாமலே போய்ச் சேர்ந்துட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கே?"

"போடி வாயாடி" என்று சீட்டை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார்.

அவர் மனதில் அது ஜெபம். பெட்டியிலிருந்து எடுத்த போதகருக்கு அது செய்தி. பாவம், அவரைச் சொல்லி என்ன? எழுதியிருந்ததைத்தான் வாசித்தார். வாசித்ததும் சபை முழுக்கக் கைதட்டல். "சிஸ்டர், முன்னால வந்து சாட்சி சொல்லுங்க" என்றார். அண்ணி போனார். மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் "ஸ்தோத்திரம்" என்று ஒரே ஒரு வார்த்தை. மறுபடியும் கைதட்டல். திரும்பி வரும்போது பெஞ்சின் ஓரத்தில் முட்டியை இடித்துக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பார்த்தால், கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு மருந்து போடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சபையில சுகமாயிடுச்சு, வீட்டுல மருந்தா?" என்று கேட்டேன். "மருந்தும் ஆண்டவர் குடுத்ததுதானே" என்றார். "அப்ப அதையும் மைக்ல சொல்லியிருக்கலாமே?" குப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். அவர் குழம்பித்தான் போயிருந்தார். நான் ஏதோ தெளிவாக இருந்த மாதிரி கத்தினேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்கு வரும் பெண்கள் பதினொன்றிலிருந்து இருபதானார்கள். முன்னறையில் கால் வைக்க இடமில்லை. அப்படி வந்தவர்களில் ஒருவர் பக்கத்துத் தெரு பேக்கரி அம்மா. மூன்றாவது வியாழக்கிழமை, கூட்டம் ஆரம்பிக்குமுன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்: "சிஸ்டர், எனக்கும் உங்களுக்கு வந்த அதே கண் வியாதி. அதே டாக்டர். உங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே மருந்தத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். பத்தொன்பது நாள் ஆச்சு!"

எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அண்ணி தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. கூட்டத்தை நடத்தி முடித்து அனுப்பியும் விட்டார்.

சமையலறையில் பிடித்துக்கொண்டேன். "அந்தம்மா கண்ணு போகுது அண்ணி!"

"ஒருவேளை அவங்களுக்கு நெஜமாவே சுகம் கெடச்சிருந்தா? நான் போய்த் தடுத்தா?" என்றார். "என் சீட்டப் பாத்துத்தான் அவங்களுக்கு விசுவாசமே வந்துச்சு. அது பொய்னு சொன்னா அவங்க ஆண்டவரையே விட்டுட்டா? எனக்கு ஒண்ணும் புரியல வாயாடி. ஜெபம் பண்ணாலும் ஒரு பதிலும் வரல." அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன், "பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அங்கே வாசலில் படி உண்டு, அவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. கடையில் ரொட்டி வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். அண்ணி பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, தலையைச் சாய்த்து, எல்லோர் முன்னாலும் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டார்.

"ஒரு வேள விட்டதில்லக்கா. எனக்குச் சுகமாகல. ஆகும்னு நம்பித்தான் எழுதினேன். நீங்க இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க."

பேக்கரி அம்மா எடை போட்டுக்கொண்டிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு விசுவாசம் பத்தல சிஸ்டர், அதான் ஆகல. எனக்கு இருக்கு" என்றார். அடுத்த ஆளுக்கு ரொட்டி கட்டப் போய்விட்டார்.

அடிப்பாவி என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தது யார்? எங்கள் முன்னறைதானே!

சனிக்கிழமை போதகரிடம் போய், சபையில் நின்று உண்மையைச் சொல்கிறேன் என்றார் அண்ணி. அவரும் திணறினார். "ஆராதனை முடிஞ்ச பிறகு அந்தச் சிஸ்டர்கிட்ட நான் தனியாப் பேசறேனே, எல்லார் முன்னாலயும் எதுக்கு?" என்றார். "எல்லார் முன்னாலயும்தானே கை தட்டினாங்க ஐயா" என்றார் அண்ணி. அவ்வளவு நேராக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மைக். "எனக்குக் கண்ணு சுகமாகல. ஓரத்துல ஒண்ணும் தெரியாது. மருந்துதான் போடறேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், வெட்கப்பட்டு நின்னுட்டேன். என்னப் பாத்து யாராவது மருந்த நிறுத்தியிருந்தா தயவுசெஞ்சு திரும்பப் போடுங்க. ஆண்டவர் ஏன் இப்படி விட்டிருக்காருன்னு எனக்குத் தெரியல. நான் அவர விடல, அது மட்டும் தெரியும்." யாரும் கை தட்டவில்லை. பின் பெஞ்சில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பேக்கரி அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வியாழன் முன்னறைக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. கம்பெனியில் அண்ணியை மேசையிலிருந்து எடுத்து, அட்டைப் பெட்டி மடிக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். வியாழனானால் வீட்டில் அண்ணி நாற்காலிகளைப் போட்டு வைத்துக் காத்திருப்பார், ஏழு மணிக்கு எடுத்து அடுக்குவார். "எதுக்குப் போடறீங்க?" என்று கேட்டால், "தெரியல, கை போடுது" என்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னவருக்கு இதுதானா என்று ஆண்டவரிடமே கேட்டேன்.

ஐந்தாவது வியாழன் ஒரே ஒரு ஆள் வந்தார். பேக்கரி அம்மா. கூட அவர் மகள், கையைப் பிடித்தபடி. கதவு நிலையில் ஒரு கணம் நின்று, காலால் தடவிப் பார்த்து உள்ளே வந்தார்.

"வலது கண்ணு போயிடுச்சு" என்றார். "நீங்க சபையில சொன்ன மறுநாளே போனேன். ரொம்ப லேட்டுன்னு சொல்லிட்டாங்க. இடது கண்ணு பாதி இருக்கு."

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல" என்றார் பேக்கரி அம்மா. "மன்னிக்கவும் இல்ல. உங்கள நெனச்சா வயிறு எரியுது. ஆனா ராத்திரி பகல் பயமா இருக்கு சிஸ்டர், மிச்சமும் போயிடுமோன்னு. யார்கிட்ட சொன்னாலும் ஒரு வசனத்தச் சொல்லி அனுப்பறாங்க. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தோணுச்சு. அதான் வந்தேன்."

அண்ணி வசனம் சொல்லவில்லை. பக்கத்தில் தரையைக் கையால் தட்டிக் காட்டினார், அந்த அம்மாவும் தரையிலேயே உட்கார்ந்தார். வாயாடி நானும் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். பிறகு அண்ணி ஜெபிக்க ஆரம்பித்தார்: "ஆண்டவரே, இவங்க கண்ணு என்னால போச்சு. நீங்க ஏன் தடுக்கலன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. இவங்களுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. எங்களோட இருங்க." அதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆமென் என்று பேக்கரி அம்மாதான் சொன்னார்.