மகளுக்கு வைத்த கணவாய் ஈரல்

கற்பிட்டி மீன்வாடியில் கணவாய் துப்புரவாக்குவது என் வேலை. சதை ஏற்றுமதிக்குப் போகும். ஈரலை எங்களிடமே விட்டுவிடுவார்கள். ஈரல் இரத்தம் ஊற வைக்கும் என்று நம்பி, சோகை பிடித்திருந்த என் மகளுக்குப் பல வருடங்களாகக் கறியாக்கிக் கொடுத்தேன்.

அண்மையில் அவளுடைய சிறுநீரகம் பழுதென்று தெரிந்தது. பரிசோதனைகள் முடிந்து, டொக்டர் சாப்பாட்டை விசாரித்தார்.

"கணவாய் ஈரல்ல கட்மியம் எண்ட உலோகம் இருக்கு. அது கிட்னியில போய்ச் சேரும். ரத்தம் குறைஞ்ச உடம்பு அதக் கூடுதலா இழுக்கும்."

"நிப்பாட்டினா போயிருமா டொக்டர்?"

"புதுசா சேராது. சேர்ந்தது லேசில போகாது, உம்மா."

இப்போது ஈரலை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வாடியில் மற்றப் பெண்களையும் தடுக்கிறேன். என்னையும் பரிசோதித்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஒரு துண்டுகூட நான் தின்னாமல், எல்லாவற்றையும் அவளுக்கே வைத்தேன்.