அத்தையின் எழுநூறு கிராம்

எங்கள் அத்தை தினமும் காலையில் எழுநூறு கிராம் காணாமல் போவாள். அதைக் கண்டுபிடித்து அவளிடமே திருப்பிச் சேர்ப்பது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. அதைவிடப் பெரிய பதவி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பி.எஸ்சி. முடித்துவிட்டு எங்களோடுதான் இருந்தாள். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டின் முன்பக்கம் அப்பாவின் அரிசிக் கடை. கடைக்குப் பின்னால் உள்ள அறையில் அவள் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் அவளுக்கு ஊதித் தள்ளுகிற காரியம். ஓட்டத்தில்தான் சிக்கல். முந்தைய முறை, விடிந்ததிலிருந்து வெயிலில் வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு ஓடத் தொடங்கி, கடைசி வளைவில் மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு ஓடினால் வயிற்றைப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அன்று ஒரு மடக்குகூடக் குடித்திருக்கவில்லை.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கடையத்தில் விவசாயம் பார்த்தார். செய்தி கேட்டு வந்தவர், "பொம்பளப் புள்ள ஒடம்பு இதுக்கெல்லாம் தாங்காதுடே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கையோடு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார். அத்தைதான் வாதாடினாள். நான் விழுந்தது பெண்ணாகப் பிறந்ததால் அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றியதால், அதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்றாள். வயது வரம்புப்படி அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

பெரியப்பா யோசித்துவிட்டு நாலு மாதம் கொடுத்தார். "நடுவுல ஒரு நா படுத்தாலும் சரி, ஒரு நா நொண்டினாலும் சரி, அன்னைக்கே நிப்பாட்டிரணும். மாப்ள வீட்டுக்கு நான் சரின்னு சொல்லிருவேன்" என்றார். அத்தை சம்மதித்தாள். சனிக்கிழமைதோறும் அவர் கடைக்கு வந்து விசாரிப்பது என்று ஏற்பாடு.

நிரூபிக்கிற கருவி கடையிலேயே இருந்தது. அரிசி மூட்டைகளை நிறுக்கிற பெரிய எலக்ட்ரானிக் தராசு. எங்கள் வீட்டில் அதற்கு மிஷின் என்று பெயர். காலை ஐந்து மணிக்கு அத்தை அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அதில் ஏறி நிற்பாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நிலைக்கும். ஐம்பத்திரண்டு கிலோ முந்நூறு. நான் நோட்டில் எழுதுவேன். பிறகு அவள் பள்ளி மைதானத்துக்குப் போய் ஓடிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து மறுபடி ஏறுவாள். ஐம்பத்தொன்று தொள்ளாயிரம். நிறுத்து முடிக்கும்வரை வெளியில் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

ஈரத் துணியோடு நிறுக்கக்கூடாது என்று கண்டுபிடித்தது நான்தான். இரண்டாம் நாளும் அதே எண்கள் வந்தபோது, அவளை உலர்ந்த உடுப்பு மாற்றி வந்து மறுபடி ஏறச் சொன்னேன். ஐம்பத்தொன்று அறுநூறு! ஆக, குறைந்தது நானூறு அல்ல, எழுநூறு. முந்நூறு கிராம் துணியில் ஒளிந்திருந்தது. "மிச்சம் நானூறு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"காத்துல போயிட்டு. வேர்வ ஆவியாகும்போது ஒடம்புச் சூட்டையும் தூக்கிட்டுப் போவும். இல்லன்னா நான் இட்லி மாதிரி வெந்துருவேன்லா" என்றாள் அத்தை.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் பயங்கரமான செய்தியாக இருந்தது. எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். அவளில் ஒரு கிராமைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

திருப்பிச் சேர்க்கும் மருந்தை அம்மா கலந்து வைப்பாள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெறும் தண்ணீர் போதாதா என்று நான் கேட்டதற்கு அத்தை கடையிலிருந்து உலர்ந்த திராட்சை பத்து எடுத்துவந்தாள். ஐந்தை வெறும் தண்ணீரிலும், ஐந்தைக் கரிக்கிற உப்புத் தண்ணீரிலும் போட்டாள். சாயங்காலம் பார்த்தால் முதல் டம்ளரில் திராட்சைகள் கன்னம் உப்பிக் கிடந்தன. இரண்டாவதில் அதே கிழட்டுச் சுருக்கம்.

"உப்பு தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்கும். கொஞ்சமா இருந்தா, குடிச்ச தண்ணி ஒடனே ஓடிப்போவாம ஒடம்புல நிக்கும். கூடிட்டுன்னா உள்ள இருக்கதையும் வெளிய இழுத்துரும்" என்றாள். காய்ந்த பூந்தொட்டியில் ஒரு சொம்பைக் கவிழ்த்தால் பாதி வழிந்துவிடும், சிறுகச் சிறுக ஊற்றினால்தான் மண் குடிக்கும் என்று அதையும் செய்து காட்டினாள். அதனால் ஒரு மடக்கு, நான் நூறு எண்ணுவேன், மறுபடி ஒரு மடக்கு. எண்ணுவதில் நான் ஈவிரக்கம் பார்த்ததில்லை.

இங்கே அப்பாவின் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அப்பா சாதுவான மனிதர். கடன் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார், அரிசியில் கல் இருக்கிறது என்றால் மாற்றிக் கொடுப்பார். எடை குறைகிறது என்று சொன்னால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ஒருமுறை யாரோ அப்படிச் சொல்லிவிட, வியாபார நேரத்தில் கடையை இழுத்துப் பூட்டி, மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சோதித்து, சரி என்று முத்திரை வாங்கிவந்து அவர் வீட்டு வாசலில் நின்றவர். பழைய இரும்புப் படிக்கற்களை மிஷினுக்குக் கீழேயே அடுக்கி வைத்திருப்பார், சந்தேகப்படுகிறவர்கள் தாங்களே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

நாற்பத்தோராம் நாள் ஒரு சனிக்கிழமை. பங்குனி வெயில். குற்றாலத்தில் அருவி நூலாகிவிட்டது, வானத்தில் துளி மேகமில்லை. பெரியப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தெருவிலுள்ள தையல்கார அக்கா கோதுமைக்காக நின்றிருந்தாள். வழக்கத்தைவிடத் தாமதமாக அத்தை வந்தாள். தலையோடு கால் நனைந்திருந்தாள். உடுப்பு மாற்றிவரச் சொன்னேன். "இன்னைக்கு இப்படியே நிறுட்டி, அசதியா இருக்கு" என்று ஏறினாள்.

ஐம்பத்திரண்டு எழுநூறு.

நான் எண்ணைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன். "அத்த, ஓடிட்டு வந்து நானூறு கிராம் கூடியிருக்க!" என்று கத்தினேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் சட்டைக் கையைப் பிடித்து வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். "உப்பே இல்ல! இது வேர்வ இல்ல, குழாத் தண்ணி! பெரியப்பா, அத்த இன்னைக்கு ஓடவே இல்ல!"

கண்டுபிடித்த பெருமையில் நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை. பெரியப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். அத்தை தராசின் மேலேயே நின்றாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. பாரம் முழுவதும் வலது காலில் இருந்தது. இடது காலின் ஷூ லேஸ் அவிழ்ந்து, கணுக்கால் ஷூவுக்கு வெளியே புடைத்திருந்தது. மைதானத்துப் பள்ளத்தில் கால் மடங்கி, குழாயடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பெரியப்பா வரும் நாள் என்பதால் உடுப்பை நனைத்துக்கொண்டு, தெரு முழுக்க நொண்டாமல் நடந்து வந்திருக்கிறாள். அதை அவள் எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. அன்று நான் எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். எண்ணைப் பார்த்தார். அத்தையின் காலைப் பார்த்தார். அப்புறம் மிஷினின் சுவிட்சை அணைத்தார்.

"மிஷின் கெட்டுப்போச்சுண்ணே. ரெண்டு நாளாவே கூடக் கொறையத்தான் காட்டுது" என்றார்.

பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஓந் தராசாடே?"

"ஆமாண்ணே. எந் தராசுதான்."

"இல்லப்பா, மிஷின் சரியாத்தான்…" என்று ஆரம்பித்தேன். "ஏட்டி, உள்ள போ" என்றார் அப்பா. அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. நான் கதவு வரைதான் போனேன்.

தையல்கார அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்பம் நேத்து எனக்குப் போட்ட அரிசி, அண்ணாச்சி?"

அப்பா மூட்டையிலிருந்து இரண்டு பெரிய கை அரிசியை அள்ளி அவள் பையில் போட்டார். இன்னொரு கையும் போட்டார். அவர் காது சிவந்திருந்தது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி பண்ணிட்டு நிறுங்க. அவசரம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அவருக்கும் கண் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மத்தியானம் அப்பா பேட்டரி வாங்கத் தென்காசிக்கு பைக்கில் கிளம்பினார். மிஷினைக் கடையில் வைத்துவிட்டு அத்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனது எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்தபோது பேட்டரியும் இல்லை, தைல வாசனைதான் வந்தது. அத்தை வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாள். எனக்கு இருந்த மிஷின் கவலையில் அதை யார் கவனித்தார்கள்!

கதையின் முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். சித்திரையில் அத்தை மறுபடி ஓடினாள். ஆனியில் தேர்வு நடந்தது. வரிசையில் நின்ற நாலு மணி நேரமும் அவள் கையில் எங்கள் பாட்டில் இருந்தது. மைதானத்துக்கு வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றவர் பெரியப்பா. அத்தை விழாமல் ஓடி முடித்தாள். அந்த வாரம் எல்லாரும் குற்றாலம் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. காற்றில் போன அத்தையின் கிராம்கள் அதில் கொஞ்சமாவது இருக்கும் என்று நம்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவி வரை வாயைத் திறந்துகொண்டே நடந்தேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தச் சனிக்கிழமைக்குப் பிந்தைய பன்னிரண்டு நாட்கள்தான். மிஷின் பழுது என்று அப்பா சொன்ன நாட்கள். வீட்டு ஆட்கள் யாரும் அதில் ஏறக்கூடாது என்று தடை. அதே மிஷினில் நாள் முழுக்க அரிசி நிறுத்தார். ஒவ்வொருவருக்கும் நிறுத்த பிறகு ஒரு கை அள்ளிக் கூடப் போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "மிஷின் செத்த சரியில்ல" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் அவர் சாப்பிடப் போன நேரம், ஐந்து கிலோ படிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி மிஷினில் வைத்தேன். ஐந்து கிலோ. பத்து கிலோக் கல்லை உருட்டி ஏற்றினேன். அதையும் சேர்த்துப் பதினைந்து கிலோ. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. அடுக்களைக்கு ஓடி, "அப்பா, மிஷின் சரியாயிட்டு!" என்று கூவினேன்.

அத்தை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா அவள் காலைப் பார்த்தார். "இன்னும் எட்டு நாளு ஆவும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடைக்குத் திரும்பி வந்து, நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே பேனாவை அழுத்தி எழுதினேன்: படிக்கல் சரி. மிஷின் சரி. அப்பா தப்பு.