அறுபத்திரண்டாம் எண்

அந்தக் காது மருத்துவமனையில் அவளை எல்லோரும் நோட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாகக் கையில் நோட்டில்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை அங்கே வாரத்துக்கு இரண்டுதான் நடக்கும். காத்திருப்பவர்களோ நூற்றுக்கணக்கில். யாருக்கு எப்போது முறை என்பது அவள் நோட்டில் இருந்தது. கை சுத்தம், வாய் நீளம். முறை தவறிக் கேட்டு வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாசலிலேயே வறுத்தெடுத்துவிடுவாள்.

அப்படியும் ஒரு தடவை, அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாலு நாளில் யாரோ நோட்டில் வெள்ளை மை பூசி ஒரு பெயரை மேலே ஏற்றிவிட்டார்கள். பெரிய ரகளையாகி, இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. வெளியிலிருந்து ஆள் கொண்டுவர யாருக்கும் மனசில்லை. நோட்டு அக்காவே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நாற்பத்தாறு வயதில் பத்து நாள் மாலை வகுப்பு. அவள் கணவர் பஸ் மெக்கானிக், சும்மா இருப்பாரா?

"டேபிள் போடப் போறியாமே? வீட்டு டேபிளோட கால் ஆடுது, முதல்ல அதைப் பாரு."

அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேபிள் என்பது கோடு போட்ட பக்கம். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. ஒவ்வொரு ஃபீல்டும் எதை வாங்கிக்கொள்ளும் என்று முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. போன் நம்பரை எண் என்று வைத்தால் முன்னால் இருக்கிற பூஜ்யத்தை முழுங்கிவிடும், எழுத்து என்று வைக்க வேண்டும். பிறந்த நாளைத் தேதி என்று வைத்தால்தான் வயதுவாரியாக அடுக்க முடியும். அவள் மயங்கிப்போனது ஆட்டோ நம்பரில். புது வரி சேரும்போதெல்லாம் மெஷினே அடுத்த எண்ணைப் போட்டுவிடும். அந்தக் கட்டத்தில் நாம் என்ன தட்டினாலும் ஏறாது. அதையே முறைக்கான எண்ணாக்கிவிட்டாள். குழுவுக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னாள்: "சார், இந்த நம்பரை நீங்க நினைச்சாலும் மாத்த முடியாது, நான் நினைச்சாலும் மாத்த முடியாது." கைதட்டினார்கள்.

இன்னொரு பூட்டும் போட்டாள். சில பெற்றோர் ஒரே குழந்தையை இரண்டு தடவை பதிந்து வைத்திருந்தார்கள். அதனால் ஒரே போன் நம்பரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள வரி இரண்டாவது முறை நுழையக் கூடாது என்று கட்டளை வைத்தாள். நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்து, ஒரே மூச்சில் டேபிளுக்குள் ஏற்றினாள். ஏழு வரிகள் ஏற்கெனவே உள்ளவை, அவற்றை விட்டுவிட்டுத் தொடரலாமா என்று மெஷின் கேட்டது. ஏழு திருடர்கள் மாட்டினார்கள் என்ற திருப்தியோடு 'ஆம்' என்று அழுத்தினாள். எந்த ஏழு என்று பார்க்கவில்லை. அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஏழு மாதம் கழித்து அறுபத்தொன்றாம் எண்ணுக்கு முறை வந்தது. ஒரு அம்மா, ஒரே மாதிரி கவுன் போட்ட இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து நின்றாள்.

"அறுபத்தொண்ணு பெரியவளுக்கு. சின்னவளுக்கு அறுபத்திரண்டாக்கா? ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல முடிஞ்சிடுமா?"

நோட்டு அக்கா திரையைப் பார்த்தாள். அறுபத்தொன்றுக்கு அடுத்தது அறுபத்து மூன்று. உள்ளே விடாத வரிக்கும் மெஷின் ஒரு எண்ணைச் செலவழித்திருந்தது. ஓடிப்போய்ப் பழைய நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே இரண்டு வரி இருந்தது: பதினோரு நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையர். மற்ற ஆறு பேரும் உண்மையிலேயே இரட்டைப் பதிவுதான். இந்தக் குழந்தை மட்டும் பாவம்.

பூட்டைக் கழற்றிவிட்டுச் சின்னவளை ஏற்றினாள். மெஷின் 412 என்றது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். 413. இன்னொரு தடவை அழித்தால் அதுவும் போய்விடும் என்று பயந்து கையை எடுத்துக்கொண்டாள். நானூற்றுப் பதின்மூன்றுக்கு முறை வர மூன்று வருடத்துக்கு மேலாகும். அந்த மருத்துவமனையில் ஐந்து வயதுக்கு மேல் கருவி வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு இப்போதே இரண்டு வயது ஒன்பது மாதம்.

வகுப்பு எடுத்தவருக்குப் போன் போட்டாள்.

"முறைக்குன்னு தனியா ஒரு ஃபீல்டு வெச்சிருக்கணும்மா. ஆட்டோ நம்பர், எந்த வரி எதுன்னு அடையாளம் தெரியறதுக்குத்தான். பரவாயில்ல, சுத்து வழி ஒண்ணு இருக்கு. அறுபத்திரண்டை எழுதிடலாம். ஆனா பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

கேட்டாள். தலைமை டாக்டர் குழுவிடம் கொண்டுபோனார். இரண்டு நாளில் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"யாராலும் மாத்த முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கூட்டக் குறிப்புல எழுதி வெச்சிருக்காங்க, அதையே படிச்சுக் காட்டுறாங்கம்மா."

"தெரியாம சொல்லிட்டேன் சார். நோட்டுல பாருங்க, தேதியோட இருக்கு."

"நோட்டை யாரு நம்புறா இப்போ? நியாயத்துக்குத் திறந்தா நாளைக்கு அநியாயத்துக்கும் திறக்கும்ங்கிறாங்க. ஒரு சலுகை குடுத்திருக்காங்க. அறுபத்தொண்ணு அந்தக் குடும்பத்தோடதுன்னு வெச்சுக்கலாம். எந்தக் குழந்தைக்குன்னு பெத்தவங்களே முடிவு பண்ணட்டும். பேர் ஃபீல்டை மாத்தத் தடை இல்ல."

சலுகையாம். எத்தனை நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தார்களோ!

வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். கணவர் அன்றைக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "விட்டா அந்தப் பிள்ளைக்கு நம்பர் வந்துடுமா?" என்று மட்டும் கேட்டார். வராது.

மறுநாள் காலை அந்த அம்மாவை உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"மெஷின் தப்பாக்கா?"

"இல்லம்மா. என் தப்பு."

திட்டுவாள் என்று நோட்டு அக்கா காத்திருந்தாள். நாலு அறை வைத்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த அம்மா திட்டவில்லை. நாற்காலியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அறையில் காது கேட்பவர்கள் அவளும் நோட்டு அக்காவும்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியவளுக்கு இடி இடிச்சா தெரியுது. தட்டு விழுந்தா திரும்பிப் பார்க்கிறா. சின்னவளுக்கு அதுகூட இல்ல. சின்னவ பேரையே போட்டுடுங்க."

நோட்டு அக்கா அறுபத்தொன்றாம் வரிக்குப் போனாள். பெயர்க் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழிக்கத் தொடங்கினாள். திரையில் எழுத்துகள் மறைவதைப் பார்த்துவிட்டுப் பெரியவள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். தன் பெயரின் கடைசி எழுத்தும் போனதும் கைகொட்டிச் சிரித்தாள். இன்னொரு தடவை செய் என்று நோட்டு அக்காவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.