படத்துக்குச் சொன்ன அழைப்பு

கரம்பொன் அன்னபூரணம் என் பெரியம்மா. அழுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. அவர் ஒரு செத்தவீட்டு வாசலில் கால் வைத்தால், இறந்தவரோடு கோடு கச்சேரி ஏறி வழக்காடியவன்கூட மூக்கைச் சிந்துவான். சிரிப்பிலும் குறைவில்லை. கோபத்தில்தான் ஆள் கொஞ்சம் மோசம்.

அந்தக் கோபம் முழுவதும் அவருடைய ஒரே தம்பி ஐயாத்துரை மாமாமேல். மாமா அனலைதீவில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது கடல் கொந்தளித்துக் கிடந்தது. பெரியம்மா கார்டைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தாய்மாமனுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். "நேர வந்து சொல்லாத வீட்டிலை எனக்கென்ன வேலை?" என்று மாமா வரவில்லை. அன்றோடு பேச்சு முறிந்தது. முதலில் வாய் திறப்பவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் தனித்தனியே முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த வீம்பு பெரியம்மாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அனலைதீவுப் படகில் வந்த யாரைக் கண்டாலும், "அங்கை எல்லாரும் சுகமோ?" என்பார். அந்த எல்லாரும் ஒரே ஆள்தான்.

போன மாதம் அவரை ஊர்காவற்றுறைக் கிட்டங்கித் தெருவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலத்தில் புகையிலை அடுக்கிய பழைய கிட்டங்கிகளைத் திருத்தி, தெரு நீளத்துக்கு ஓவியக் கூடங்கள் ஆக்கியிருந்தார்கள். அன்று திறப்பு விழா.

"தேத்தண்ணி குடுப்பினமோ?" என்பதுதான் பெரியம்மாவின் முதற்கேள்வி.

முதற்கூடத்தில் சுவர் முழுக்க நீலம்.

"கடல் பாக்கவோ இஞ்சை வந்தனாங்கள்? அது வெளியிலை சும்மா கிடக்குது."

அடுத்த கூடத்தில் தாறுமாறாகச் சிவப்புக் கோடுகள்.

"பெயின்ற் மிஞ்சிப்போச்சுப் போலை."

வரைந்தவர் பக்கத்தில்தான் நின்றார். நான் அவசரமாகக் கூரையை ஆராய்ந்தேன்.

மூன்றாவது கூடத்தில் பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச்சுவரில், கறுப்புச் சட்டத்துக்குள், ஐயாத்துரை மாமாவின் முகம். கீழே குத்துவிளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பூ. திறப்பு விழாவுக்கென்று ஏற்றிய விளக்கு அது. ஆனால் எங்கள் வீடுகளில் ஒருவருடைய படம் சட்டத்துக்குள் ஏறி, கீழே விளக்கும் பூவும் வந்துவிட்டால், ஆள் போய்விட்டார் என்றுதான் அர்த்தம்.

"ஐயோ, என்ரை தம்பீ! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

நிலத்தில் இருந்துவிட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், யார் கேட்டார்கள்?

"நான் வந்து சொல்லியிருக்க வேணும், ராசா! கடல் என்ன பெரிய கடல், நீந்தியெண்டாலும் வந்திருக்க வேணும்! பிழை என்னிலைதான்!"

கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் தேநீர்க் கோப்பையோடு ஐயாத்துரை மாமாவே வந்தார். படத்தை வரைந்த பவதாரணி என்ற பெண் அனலைதீவுக்கு நேரில் போய் அவரைத் திறப்புக்கு அழைத்திருந்தாள். மாமாவுக்குச் சிரிப்பு முட்டியது. கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அக்கா, முதல் கதைச்சது நீங்கள்தான்."

பெரியம்மா திரும்பினார். உயிரோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தார். அழுகை சட்டென்று நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, நான் படத்தோடைதான் கதைச்சனான். வேறை ஆரோடையும் கதைக்கேல்லை."

பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்து, படத்துக்கு நேரே போய் நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் சோத்துக்கு வா. நேர வந்து சொல்லிப்போட்டன். பிறகு சொல்லேல்லை எண்டு வீம்பு பிடிக்காதை."

மாமாவும் படத்தைப் பார்த்தபடியே, "கணவாய்க் கறி எண்டால் வருவன்" என்றார்.

மறுநாள் வந்தார். பெரியம்மா வாயே திறக்காமல் பரிமாறினார். மாமாவும் குனிந்த தலை நிமிராமல் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்து, கிணற்றடியில் அவர் கைக்குத் தண்ணீர் வார்த்தபோதுதான் பெரியம்மா தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு முன்னம் மட்டும் செத்துப் பார். உனக்கு இருக்கு."