சொற்பம் என்றால் எத்தனை?

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்விக்குறி அம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்; நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. மரபணு மாற்றிய எந்த உயிரை வெளியே விடுவதென்றாலும் அந்த விண்ணப்பம் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். வந்த கோப்பு எதுவும் அவளுடைய சிவப்புப் பேனாவுக்குத் தப்பியதில்லை.

மலேரியாவைக் கட்டுப்படுத்த வந்த கொசு விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஆண் கொசுக்களை மட்டும் விடுவார்களாம். ஆண் கொசு கடிக்காது. அதற்குப் பிறக்கும் பெண் கொசுக்கள் வளருமுன்னே செத்துவிடும். எல்லாம் சரி. ஆணையும் பெண்ணையும் பிரிக்கும்போது கடிக்கிற பெண் எத்தனை கலந்துவிடும் என்ற இடத்தில் மட்டும் ‘சொற்பம்’ என்று எழுதியிருந்தார்கள். அதைச் சுழித்து, ‘சொற்பம் என்றால் எத்தனை?’ என்று கேட்டாள்.

அந்தச் சொல்லைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டாக்டர், “சும்மா காய்ச்சல்தான்மா. ஆபத்து சொற்பம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். கூட்டிக்கொண்டு போனாள். நாலாம் நாள் அவள் கணவர் இல்லை. மலேரியா என்று ரத்தப் பரிசோதனை முடிவு அதற்கும் மறுநாள் வந்தது.

பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். வந்த அன்றே பக்கத்து மேசை அதிகாரி, “சார் என்ன பண்றார்?” என்று விசாரித்தார். புது இடத்தில் காலை வைத்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டா நிற்பது? “வெளியூர்ல வேலை. நல்லா இருக்கார்” என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பொய் சும்மா இருக்குமா? சாருக்கு மாற்றல் மூன்று முறை கைக்கு எட்டித் தட்டிப்போனது. சர்க்கரை போடாத காபி பழகியது. முட்டிவலி வந்தது. உயிரோடு இருந்தபோதுகூட மனிதர் இத்தனை பாடு பட்டதில்லை.

வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், பேச்சுத்துணைக்குத் தொலைக்காட்சி. ஆபீசில் யாராவது “சார் எப்படி இருக்கார்?” என்று கேட்கும் அரை நிமிடம்தான் அவர் இருந்தார். அதற்காகவே அவள் லீவு போடுவதில்லை.

மூன்றாம் முறை, கொசு வளர்க்கும் விஞ்ஞானிப் பெண்ணே நேரில் வந்தாள். “மேடம், ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்துட்டோம். பத்தாயிரத்துக்கு மூணு. மழைக்கு முன்னாடி விடலேன்னா இன்னும் ஒரு வருஷம் போயிடும். அதுக்குள்ள எத்தனை பேருக்குக் காய்ச்சல் வருமோ!”

இது பதில். பொறி வைத்து வாரந்தோறும் எண்ணிக் காட்ட வேண்டும், பெண் கொசு கூடினால் அன்றே நிறுத்த வேண்டும் என்று நிபந்தனைகளைப் போட்டு, ஒப்புதல் குறிப்பு எழுதினாள். கடைசித் தாளைப் புரட்டினாள். ஒப்புதல் தருகிறவர் மட்டும் நிரப்புகிற தாள். இந்த வருடம் அதில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்: ‘இந்நோயால் உங்கள் குடும்பத்தில் எவரேனும் இறந்ததுண்டா?’

இல்லை என்று எழுதி, பின்னால் தெரியவந்தால் ஒப்புதல் செல்லாது. கொசு விடும் வேலை பாதியில் நின்றுபோகும். ஆம் என்று எழுதினால், சொந்த இழப்பு உள்ளவர் முடிவெடுக்கக் கூடாது என்று கோப்பு வேறு கைக்குப் போகும். சாரும் போய்விடுவார். முதல் சாவுக்கு அவளை யாரும் கேட்கவில்லை. இதற்கு அவளே கையெழுத்துப் போட வேண்டும்.

சாப்பாட்டு நேரம் வரை பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். பிறகு, ‘ஆம். கணவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்’ என்று எழுதினாள்.

விதிப்படி இயக்குநர் கோப்பைப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். அந்த அதிகாரி இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். நிபந்தனைகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். கோப்பை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“மேடம், சாருக்கு முட்டிவலின்னு போன வாரம்கூடச் சொன்னீங்களே. தைலம்கூட வாங்கிக் குடுத்தேனே...”

“அது எனக்குத்தாங்க” என்றாள் அவள். “தைலம் நல்லாக் கேக்குது.”