சாணம் மெழுகிய தாம்போதி

இருபத்தாறு வயதில் எனக்கு ஓவர்சியர் உத்தியோகம் கிடைத்தது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எனக்குத் தலையில் தொப்பி, கையில் இரும்புப் பூண் போட்ட பிரம்பு, மூக்குக்கு மேல் கோபம். தொப்பியும் பிரம்பும் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. வீட்டில் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

அம்பாசமுத்திரம் போகிற சாலையில், ஆற்றிலிருந்து பிரியும் ஒரு கால்வாய்க்குக் குறுக்கே தாம்போதி ஒன்று இருந்தது. பாலமல்ல. கால்வாயின் தரையிலேயே தளம் போட்டிருக்கும். தண்ணீர் அதன் மேலேயே ஓடும், வண்டியும் அதன் மேலேயே போகும். எனக்கு முன்னால் இருந்த துரை ஒருவர் ஜல்லியில் தாரை ஊற்றிக் கெட்டித்து அங்கே ஒரு தளம் போட்டுப் பார்த்திருந்தார். இரண்டு கோடையில் அது இளகி, சக்கரத் தடம் இரண்டு விரல் ஆழத்துக்குப் போய்விட்டது. அதைப் பெயர்க்க வேண்டாம், மேலேயே நான்கு விரற்கடை சிமிட்டிக் கான்கிரீட் போடு என்று எனக்கு உத்தரவு வந்தது.

உத்தரவில் ஒன்றைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பழைய தளத்தை உளியால் பொளிய வேண்டும், பெருக்க வேண்டும், தெளிந்த தண்ணீர் ஓடுகிறவரை கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் கான்கிரீட். கீழே உள்ளதும் மேலே போடுவதும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வாவிட்டால் மேலே இருப்பது வெறும் மூடி. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

பங்குனியில் மராமத்துக்காகக் கால்வாயை அடைத்ததும் வேலை தொடங்கினோம். எனக்குக் கீழே வயதான மேஸ்திரி ஒருவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை ஐயா என்பார். கூடை சுமக்கப் பெண்கள் பன்னிரண்டு பேர். கால்வாய் வறண்டு கிடந்ததால் ஆற்றிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவர ஒரு வண்டிக்காரன். அவன் பெண்சாதியும் கூடை சுமந்தாள். தாம்போதிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் வண்டி வரும்போதெல்லாம் மற்றப் பெண்கள் அவளைக் கேலி செய்து சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் தார் இளகியது. வெறுங்காலோடு நடந்த பெண்கள் துள்ளினார்கள். வண்டிக்காரன் பெண்சாதி கூடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். தோல் உரிந்து தாரோடு போயிருந்தது.

"கால் வேகுது ஐயா. சாணியக் கரைச்சு மெழுகிக்கிடுதோம். சூடும் தெரியாது, ஒட்டவும் ஒட்டாது."

எங்கள் ஊரில் தரை என்றால் அதற்கு மருந்து சாணம்தான். களமானாலும் அடுப்படியானாலும் மெழுகினால் தரை குளிரும். "மெழுகிக்கோங்க. ஆனா கான்கிரீட் போடுமுன்ன சுத்தமாக் கழுவணும்" என்றேன். ஒரு மணி நேரத்தில் தளம் முழுவதும் பச்சையாக மெழுகிவிட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. நான் தள்ளி நின்று பார்த்து மெச்சவும் செய்தேன், மடையன்.

கரையிலிருந்து நடுவை நோக்கி இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு வந்தோம். அந்த இடங்களைத் தேய்த்துக் கழுவினோம். கடைசியாக நடுவில் பத்தடி மிச்சம். அன்று சிமிட்டிப் பீப்பாய்களை உடைத்த பிறகு, தண்ணீர் வண்டி அச்சு முறிந்து வழியில் கிடப்பதாகச் செய்தி வந்தது. எங்களிடம் இருந்தது மூன்று பீப்பாய்த் தண்ணீர். கழுவினால் குழைக்கப் போதாது. குழைத்தால் கழுவப் போதாது. உடைத்த சிமிட்டியை வைத்திருந்தால் கட்டி தட்டிவிடும், அதற்கு நான் மேலே பதில் எழுத வேண்டும்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். "விளக்குமாத்தால பெருக்கிட்டுப் போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

காய்ந்த சாணம் பொருக்காகக் கொஞ்சம் வந்தது. மீதி தாரோடு ஒட்டிக்கிடந்தது. அதன் மேலேயே போட்டோம்.

பதினைந்து நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். சாக்கை எடுத்த அன்று பிரம்பின் பூணால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனேன். ஓரமெல்லாம் ணங் ணங் என்றது. நடுவுக்கு வந்ததும் பொத்தென்றது. இன்னொரு தரம் தட்டினேன், அதே பொத்து. மேஸ்திரிக்கும் கேட்டுவிட்டது.

"உள்ள பிடிக்கல ஐயா. பத்தடிதான. உடைச்செடுத்துட்டு மறுக்காப் போட்டிருவோம்."

"எம் வேலைய எனக்கே சொல்லித் தாரீரா?" என்று சீறினேன். உடைக்க வேண்டுமானால் ஏன் உடைக்கிறேன் என்று எழுத வேண்டும். கழுவவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேலை திருப்தி என்று எழுதி அனுப்பினேன்.

ஆனியில் கால்வாயைத் திறந்தார்கள். தண்ணீர் தளத்தின் மேல் கணுக்கால் அளவுக்கு ஓடியது. வண்டிகள் போயின, வந்தன. எல்லாரும் நல்ல தளம் என்றார்கள். ஒவ்வொரு தரம் யாராவது சொல்லும்போதும் எனக்குள் அந்தப் பொத்துச் சத்தம் கேட்கும். ஆவணியில் வண்டிக்காரன் என்னைத் தேடி வந்தான்.

"நடுவுல மயிரிழையா விரிசல் விட்டிருக்கு ஐயா. சக்கரம் ஏறுனா அதுலருந்து தண்ணி பீச்சியடிக்குது. மாடு மிரளுது. அங்கன மட்டும் கால் வைக்க மாட்டேங்குது."

பீச்சியடிக்கிறது என்றால் அடியில் தண்ணீர் புகுந்து தேங்கியிருக்கிறது, வண்டி ஏறும்போது மேல்தளம் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். அவன் வாரம் தவறாமல் நெல் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறவன். அவன் ஊருக்கு வேறு வண்டித்தடம் கிடையாது.

"தாங்குமா ஐயா?"

"தாங்கும்லே. மாடு புதுத்தளத்தைப் பாத்து மிரளுது. பைய ஓட்டு" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போனான், ஆண்டவரே!

ஐப்பசி பிறந்ததும் மலையில் மழை பிடித்தது. தினமும் காலையில் போய்க் கால்வாயைப் பார்ப்பேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. விரிசல் இருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போகும். இரண்டு கரையிலும் கயிறு கட்டிப் போக்குவரத்தை நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இன்றைக்கு ஒருநாள் பார்ப்போம், நாளைக்குக் கட்டுவோம் என்று நான்கு நாள் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு. முழங்கால் தண்ணீரில் வண்டி இறக்குவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அடியில் தளம் கெட்டியாக இருந்தால் மாடு தானே நடந்துவிடும். வண்டிக்காரன் நெல் மூட்டைகளோடு எதிர்க்கரையிலிருந்து இறங்கினான். நான் இந்தக் கரைக்கு வந்துசேர்ந்தபோது வண்டி பாதி வழி வந்துவிட்டது. நடுவுக்கு வந்ததும் மாடுகள் நின்றன. அவன் பைய அதட்டினான்.

"ஏலே, போகாதே! திருப்பு, திருப்பு!" என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மாடுகள் கால் வைத்தன. சக்கரமும் ஏறியது. அந்தப் பத்தடித் தளம் ஒரு கதவு திறப்பதுபோல எழுந்து நின்றது. தண்ணீர் அடியில் புகுந்து அதை அப்படியே புரட்டியது. வண்டி சாய்ந்தது, மூட்டைகள் சரிந்தன, அவனைக் காணவில்லை. ஒரு மாடு மட்டும் அறுந்த கயிற்றோடு கீழே போய்க் கரையேறியது.

மறுநாள் மதகில் அவன் உடல் கிடைத்தது. தூக்கிக்கொண்டு வந்து கரையில் கிடத்தினார்கள். புரண்டு கிடந்த தளத்துண்டு ஒன்றையும் ஆட்கள் இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் அடிப்புறம் வழுவழுவென்று இருந்தது. ஒரு ஜல்லிகூட ஒட்டவில்லை, தார் ஒரு பொட்டு இல்லை. பூராவும் சாணிப் பொருக்கு. அவன் பெண்சாதி அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். கையால் தடவினாள். மெழுகின விரல்களின் வளைவு அதில் அப்படியே பதிந்திருந்தது. எழுந்து என்னிடம் வந்தாள்.

"ஐயா, நான் மெழுகுனதாலயா?"

பக்கத்தில் மேஸ்திரி நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மெழுகச் சொன்னது நான், கழுவாமல் விட்டது நான், தாங்கும் என்று சொன்னதும் நான். இதில் ஒன்றைச் சொன்னாலும் போதும். நான் சொல்லவில்லை. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவி, நானே கொன்னுட்டேனே! எங்காலு வெந்தா வெந்துட்டுப் போகுதுன்னு இருந்திருக்கக் கூடாதா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அவன் மேல் விழுந்தாள். பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எல்லாருந்தான மெழுகுனோம்" என்றாள். அது அவள் காதில் விழவில்லை.

வெள்ளத்தால் சேதம் என்று அறிக்கை எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஊரிலேயே இருந்தாள். நான் மாற்றலாகி எங்கெங்கோ போனேன். ஆனாலும் ஒரு நாள் பயணத்தில் போய் அவளிடம் சொல்லிவிடக்கூடிய தூரம்தான். போகவில்லை. அவள் செத்துப்போனாள் என்று கேள்விப்பட்ட அன்று முதலில் எனக்கு வந்தது நிம்மதி.